கிழக்குப் பக்கத்துப் புல்

மார்ச் 3
கோழிக்கு வயது 40 வாரம்

சில்வண்டுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வார்கள்.

நேற்று, உனக்கு விடுமுறை என்று தெரிந்தே நீ வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். வேவு பார்க்க இல்லை. சரி, வேவு பார்க்கத்தான். முட்டை அலமாரி முன்னால் நின்றேன். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் சம்பந்தியின் பெட்டிகள். பச்சை அட்டை, அதில் ஒரு கோழி கழுத்தை நீட்டிச் சூரியனைப் பார்க்கிறது. என் முட்டை முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது. பதினொரு வருஷமாகக் கண்ணுக்கு நேரே இருந்தவன் நான்.

சுற்றிலும் யாரும் இல்லை. அவருடைய பெட்டிகளைக் கீழே இறக்கினேன், என்னுடையதை மேலே ஏற்றினேன். நான்கு பெட்டி ஏற்றியாயிற்று. ஐந்தாவதோடு நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தபடி, இரண்டு கையிலும் முட்டையோடு அப்படியே நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்தார்.

"ஏங்க, நீங்க இங்க வேலை பாக்குறவரா? இதுல எது நல்ல முட்டை? ஒண்ணு கூண்டில்லாங்குது, ஒண்ணு திறந்தவெளிங்குது, ஒண்ணு பண்ணை முட்டைங்குது. என்னதாங்க வித்தியாசம்?"

இருபத்திரண்டு வருஷம் கோழி வளர்த்தவன். பதில் தெரியவில்லை. "எல்லாம் கோழி போட்டதுதாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சம்பந்தியின் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதுவும் கீழ்த்தட்டிலிருந்து, குனிந்து எடுத்து. பில் போடும் பெண் வந்துதான் என்னை நிமிர்த்திவிட்டாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் நான் கத்துகிறேன் என்று உன் அம்மா தடை போட்டுவிட்டாள். "அவகிட்ட எதுனாலும் எழுதிக் கொடுங்க. எழுதுறப்ப உங்களால கத்த முடியாது" என்கிறாள். அதனால் மேல் அட்டையில் ஒரு முட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் இதைச் செருகி, நம் முட்டை வண்டிக்காரன் மின்னலிடம் கொடுத்தனுப்புகிறேன். மின்னல் வண்டி ஓட்டுகிற வேகத்துக்கு நாளைக்கு வந்து சேர்ந்தால் அதிசயம்.

கேள்வி ஒன்றுதான். அவர் ஏன் மேலே, நான் ஏன் கீழே? உன் மாமனார் என்பதாலா? கோழி வாங்கி மூன்று வருஷம் ஆகாத மனிதர். அதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தவர். என் முட்டை எங்கே போட்டாலும் விற்கும், அந்தக் கவலை எனக்கு இல்லை. நீ உன் கையால் அடுக்குகிற அலமாரியில் அவர் மேலே, நான் கீழே. அதுதான் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

அப்பா

---

மார்ச் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். கேமராவிலும் இருக்கிறது. காவலாளி அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாராம். இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அந்த அம்மாள் கேட்டதைத் தினமும் இருபது பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அதனால் அலமாரியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்கள் குனிந்த வேகத்தில் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. உங்களுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் கடை விதிப்படி, கூண்டில்லா முட்டை என்றால் கோழி கூண்டில் அடைபடவில்லை. அவ்வளவுதான். கொட்டகைக்குள் நடக்கலாம், சிறகை விரிக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்க வெயிலையே பார்க்காமலும் இருக்கலாம். திறந்தவெளி முட்டை என்றால் வெளியே போகக் கதவு இருக்க வேண்டும். கதவு இருக்கும் என்பதுதான் வாக்கு. எல்லாக் கோழியும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. இயற்கை முறை என்பது தீவனத்தையும் மருந்தையும் பொறுத்தது. அதற்குத் தனிச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

மற்றதெல்லாம் பெட்டிக்குப் பூசுகிற பவுடர். பண்ணை முட்டையாம். பண்ணையிலிருந்து வராத முட்டை வேறு எங்கிருந்து வருகிறது? ஹார்மோன் சேர்க்காதது என்கிறார்கள். முட்டைக்கோழிக்கு அதை யார் கொடுக்கிறார்கள்? தண்ணீர்ப் பாட்டிலில் 'எலும்பு இல்லை' என்று எழுதுவது போலத்தான். ஓடு பழுப்பாக இருந்தால் அது கோழியின் இனம், சத்து இல்லை. கரு அடர் மஞ்சளாக இருந்தால் அது தின்ற தீவனம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து நீங்கள் ஒவ்வொன்றாகக் காட்டியபோது எனக்கு ஒன்பது வயது. கோழியைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்ததில்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஜூலை முதல் தேதியிலிருந்து எங்கள் கடையில் கூண்டு முட்டை கிடையாது. மேலிடத்து முடிவு. எனக்குப் பிடித்த முடிவும்தான், அதை மறைக்க மாட்டேன். உங்கள் பெட்டி கீழே இறங்கியது அதனால்தான். மாமனார், மருமகள் கதையெல்லாம் இல்லை. இரண்டு கொட்டகையில் ஒன்றிலாவது கூண்டைக் கழற்றுங்கள். நான்கு மாதம் இருக்கிறது. வேண்டுமானால் மாமா ஒரு நாள் வந்து பார்த்து யோசனை சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் மகளும் முட்டைப் பிரிவுப் பொறுப்பாளரும் (இரண்டும் ஒரே ஆள்தான்)

---

மார்ச் 12
கோழிக்கு வயது 41 வாரம்

சில்வண்டுக்கு,

மாமா வந்து யோசனை சொல்வாரா? நல்லது. அவர் வரும்போது நானும் போய் ஊராருக்கெல்லாம் கண் பரிசோதனை செய்துவிட்டு வருகிறேன்.

உன் சீட்டைப் படித்தபின் எனக்கும் அறிவு வந்துவிட்டது. புதுப் பெட்டி அச்சடித்திருக்கிறேன். மரத்தடியில் ஒரு கோழி, பக்கத்தில் மூன்று குஞ்சு, பின்னால் மலை. 'பண்ணையிலிருந்து நேராக'. 'ஹார்மோன் சேர்க்காதது'. 'விடியற்காலைப் புத்துணர்வு'. இதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்டு பார்ப்போம். மலை மட்டும் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. உன் அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கோழி நம்ம கோழிக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தோமே, அந்த விஷயம். நீ பாதி நேரம் சமையலறையில் இருந்தாய். சம்பந்தி என்னை முன்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எதிரே அவருடைய கொட்டகை. கொட்டகையில் வரிசையாகச் சின்னக் கதவுகள், கதவுக்கு வெளியே புல்வெளி. "காத்து நல்லா வருதா சம்பந்தி?" என்று கேட்டார். வந்தது. எனக்குள்ளே அனல்தான் வந்தது. முக்கால் மணி நேரம் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. கதவு வாசல் வரைக்கும் புல். கணுக்கால் உயரம், தலை வாரிவிட்ட மாதிரி. கோழி நடமாடுகிற இடத்தில் புல் நிற்குமா? பத்தே நாளில் கிண்டிக் கிளறி மொட்டை அடித்துவிடும். அதுவும் கதவு வாசலில், எல்லாம் முண்டியடித்துக்கொண்டு இறங்குகிற இடத்தில், ஒரு புல்கூட மிஞ்சாது. ஆக அந்தக் கதவுகள் திறந்ததே இல்லை. கோழிச் சத்தம்கூடக் கொட்டகைப் பக்கமிருந்துதான் வந்தது, வெளியே ஒன்றையும் காணோம். திறந்தவெளி முட்டையாம். உன் மாமனார் வளர்ப்பது புல்.

நீ உள்வீட்டு ஆள், உன்னால் கேட்க முடியாது. கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அப்பா

---

மார்ச் 20

அப்பா,

போன வாரம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. திறந்தவெளி என்று பெட்டியில் போட்டுவிட்டுக் கோழியை அடைத்து வைத்திருக்கிறார்கள், கதவு வாசலில் புல் முளைத்திருப்பதே சாட்சி என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. ஊர் இல்லை. மிகவும் ஜாக்கிரதையான மனிதர் எழுதிய கடிதம்.

தர ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு அதை நீட்டினார். "எல்லாம் புரியுதும்மா. மேல மூலையில 'கோழிக்கு வயது 41 வாரம்'னு போட்டிருக்கே, அது என்ன?"

என் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்திலும் அதைப் போட்டவர் நீங்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரியிலும் எழுதி, அச்சகத்துக்காரர் அதைக் கோடு போட்டு நீக்கினார். உலகத்தில் வேறு யாரும் தேதிக்குக் கீழே கோழியின் வயதை எழுதுவதில்லை அப்பா.

"தெரியலை சார்" என்றேன்.

அந்த ஆய்வாளரின் மேசையில் எங்களுக்கு முட்டை போடுகிற எல்லாப் பண்ணைகளின் பேட்ச் விவரமும் இருக்கிறது. எது எத்தனை வாரம் என்று ஒரு நிமிஷம் புரட்டினால் போதும். அவர் புரட்டவில்லை. புரட்டாமல் என் முகத்தையே பார்த்தார். அது அதைவிட மோசம்.

மறுநாள் இருவரும் மாமாவின் பண்ணைக்குப் போனோம். நீங்கள் முக்கால் மணி நேரம் பார்த்தது கிழக்குப் பக்கம். அந்தக் கொட்டகைக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு. ஒரு பக்கத்து மண்ணைக் கோழி கிளறித் தீர்த்ததும் அந்தக் கதவுகளை மூடிவிட்டு மறுபக்கம் திறப்பார்கள். மூடிய பக்கம் ஆறு வாரத்தில் மறுபடியும் புல் பிடிக்கும். மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தால் உங்கள் தலையைப் போல இருக்கிறது. கோழியெல்லாம் அங்கேதான் மண்குளியல் குளித்துக்கொண்டிருந்தன. நாற்காலியை விட்டு எழுந்து நாற்பது அடி நடந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். எங்கே போனாலும் கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடக்காமல் உட்காராத மனிதர், அன்றைக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை?

ஒரு பக்கத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மாமாவுக்குச் சொன்னது நான். எனக்குச் சொன்னது நீங்கள். பக்கத்து ஊரில் யாரோ அப்படிச் செய்கிறார்கள், நமக்கு இடம் இருந்தால் நாமும் செய்யலாம் என்று ஒருநாள் தீவனம் கலக்கும்போது சொன்னீர்கள்.

பண்ணைக்குப் போய்வந்த மறுநாள் நானே ஆய்வாளரிடம் போய், "அது எங்க அப்பா சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். மாமாவிடம் யார் என்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவும் மாமனாரும் முட்டை போடுகிற அலமாரியில் நான் இருப்பது சரியில்லை என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. திங்கட்கிழமையிலிருந்து சோப்புப் பிரிவில் இருக்கிறேன்.

உங்கள் பெட்டியை இனி நான் மேலேயும் வைக்க மாட்டேன், கீழேயும் வைக்க மாட்டேன்.

மகள்

---

மார்ச் 26
கோழிக்கு வயது

சில்வண்டுக்கு,

மேலே பாதியில் நிறுத்திவிட்டேன். கை அதுபாட்டுக்கு எழுதுகிறது.

ஐந்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். உன் அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. நேற்று மட்டும் ஒரு வாக்கியம் சொன்னாள். "திருடப் போனவன் தன் செருப்பை விட்டுட்டு வர்றத கேட்டிருக்கேன். நீங்க ரேஷன் கார்டையே விட்டுட்டு வந்திருக்கீங்க."

சோப்புப் பிரிவு என்று படித்ததும் நான் போய்க் கொட்டகையில் நின்றேன். அலமாரியில் நான் எந்தத் தட்டில் இருக்கிறேன் என்று சண்டை போட்டவன். இப்போது அந்த அலமாரியில் நீயே இல்லை. அந்த வேலை உனக்கு எவ்வளவு இஷ்டம் என்று எனக்குத் தெரியும். முட்டையைக் காதுப் பக்கம் ஆட்டிப் பார்த்துவிட்டு, பழசா புதுசா என்று வாடிக்கையாளருக்கு நீ சொல்வதை ஒருமுறை தூண் மறைவிலிருந்து பார்த்திருக்கிறேன். அதுவும் வேவுதான்.

ஏன் சுற்றி நடக்கவில்லை என்று கேட்டிருந்தாய். பார்த்தது போதும் என்று இருந்தது. எது கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அது பட்டுவிட்டது. அதற்கு மேல் எழுந்து நடப்பானேன்?

செய்ததற்குப் பரிகாரமாக இல்லை, சும்மா இருக்க முடியாமல், சின்னக் கொட்டகையில் இரண்டு வரிசைக் கூண்டைக் கழற்றினேன். கோழிகளைத் தரையில் விட்டேன். மரத்தூள் போட்டு, ஏறி உட்காரக் கம்பு கட்டி, முட்டையிடப் பெட்டி வைத்து, எல்லாம் ராஜ உபசாரம். அவை என்ன செய்தன தெரியுமா? கூண்டு இருந்த இடத்திலேயே வரிசையாக நின்றன. கூண்டு இல்லை, ஆனால் கூண்டு அகலத்துக்குத்தான் நகர்கின்றன. முட்டையைப் பெட்டியைத் தவிர எல்லா இடத்திலும் போடுகின்றன. சாயந்திரம் கம்பில் ஏறத் தெரியாமல் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் வைக்கிறேன். நூற்றி அறுபது கோழி. மூன்று நாளாக இதுதான் என் உத்தியோகம்.

பக்கத்துச் சுவரை இடித்து ஒரு கதவும் வைத்தேன். ஒன்றுகூட வெளியே போகவில்லை. வாசலில் நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கின்றன, அப்புறம் என்னைப் பார்க்கின்றன. சம்பந்தியின் கோழிக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க வாய் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடிதமாக எழுதி அனுப்பட்டுமா?

அப்பா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

தயவுசெய்து கடிதம் மட்டும் வேண்டாம். உங்களுக்குத் தேதி போடத் தெரியாது.

நேரில் வந்து சொல்லுங்கள். மாமா, தீவனக்கடைக்காரர்தான் எழுதியிருப்பார் என்று நினைத்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கே பாவமாக இருக்கிறது.

கோழி விஷயம். மாமாவின் கோழிக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவை குஞ்சிலிருந்தே தரையில் வளர்ந்தவை. உங்களுடையவை நாற்பது வாரம் கூண்டில் இருந்தவை, நேரம் எடுக்கும். கதவுப்படி உயரமாக இருந்தால் மண் அணைத்துச் சரிவாக்குங்கள். வெளியே வெறும் வெட்டவெளியாக விடாமல், கதவுக்குப் பக்கத்தில் நிழலுக்கு ஏதாவது கட்டுங்கள். வானத்தைப் பார்த்தால் பருந்து என்று பயப்படும். தானியத்தை வாசலுக்கு உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் தூவுங்கள். இது என் சொந்த யோசனை. மாமா சொன்னது இல்லை.

அந்த மலைப் பெட்டியை மட்டும் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். முட்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறவருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

சோப்புப் பிரிவு பரவாயில்லை. இங்கேயும் எல்லாவற்றிலும் 'இயற்கை' என்று எழுதியிருக்கிறது. படித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சில்வண்டு

---

ஏப்ரல் 10
கோழிக்கு வயது 45 வாரம் (போகட்டும், இது உனக்குத்தானே)

சில்வண்டுக்கு,

நேற்று போனேன். நீ வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அழுதுவிட்டால் நீ பார்க்க வேண்டாமே என்று. அழவில்லை.

சம்பந்தி நாற்காலி எடுத்துப் போட்டார். "வேணாம் சம்பந்தி, நடப்போம்" என்றேன். மேற்குப் பக்கம் போனோம். என் தலை மாதிரி என்று நீ சொன்னது அநியாயம். என் தலையில் ஓரத்திலாவது கொஞ்சம் இருக்கிறது. கோழிகள் காலுக்கடியில் ஓடின. ஒன்று என் செருப்பு வாரைக் கொத்தியது. நல்ல கோழி. கொண்டை நிறம், கண் தெளிவு, நடை, எதிலும் குறை சொல்ல முடியவில்லை. தேடிப் பார்த்தேன்.

"சம்பந்தி, தீவனக்கடைக்காரரோட பேசுங்க. அந்த மொட்டைக் கடிதாசிய எழுதினது நான்தான்."

அவர் கையிலிருந்த தானியத்தை முழுக்கத் தூவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சம்பந்தி."

"கேட்டிருக்கலாம்."

"நானா இருந்தா கேட்டிருப்பேன்."

"நீங்க கேட்டிருப்பீங்க. அதுவும் ஒரு எரிச்சல்தான் எனக்கு."

அதற்குச் சிரித்துவிட்டார். பிறகு என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பவர வச்சுக்கிட்டு புல்லு தெரிஞ்சதே பெரிய விஷயம்" என்றார். சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்து, ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்த காதுக்கம்பியை இறுக்கிக் கொடுத்தார். இப்போது நன்றாக நிற்கிறது. அந்த மனிதரிடம் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு வசதி இல்லை.

அவர் கோபமே படவில்லை என்று நினைக்காதே. வாசல் வரை வழக்கமாக வருகிறவர், நேற்று பாதியிலேயே நின்றுகொண்டார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

கோழி விஷயம். சரிவு கட்டினேன், நிழலுக்குப் பழைய தார்ப்பாய் கட்டினேன். முந்தாநாள் ஒன்று இறங்கியது. ஒரு காலை மண்ணில் வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தது. இன்று காலை பதினேழு வெளியே இருந்தன. மிச்சம் உள்ளே. புது முட்டைப் பிரிவுக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு கொட்டகை முழுவதும் கூண்டு போனபின் வந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் 'கூண்டில்லா' என்று போட்டுக்கொள்ளலாம், 'திறந்தவெளி' என்று இப்போதைக்குப் போடக்கூடாது என்றார். "கதவு இருக்குதுங்களே" என்றேன். "பாக்குறேன்" என்றார். நீ சொன்னது சரி, சிரிக்கவே மாட்டேன் என்கிறார். பெரிய கொட்டகையின் முட்டை பேக்கரிக்குப் போகும். மலைப் பெட்டியையெல்லாம் உள்வெளியாகத் திருப்பி மடித்து, வெறும் அட்டையாக்கி, அதில் பண்ணைப் பெயர் மட்டும் எழுதுகிறோம். உன் அம்மா எழுதுகிறாள். என்னை எழுத விடுவதில்லை.

சோப்புப் பிரிவில் உன்னை நிற்க வைத்ததற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. அதனால் சொல்லவில்லை.

சம்பந்தி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "புல்லுதான் காரணமா சம்பந்தி? வேற ஏதும் மனத்தாங்கலா?"

"புல்லுதான்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டேன்.

புல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தேநீர் கொண்டுவந்தாய். அவருக்கு ஒன்றும் கேட்காமல் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டாய். எத்தனையானாலும் சரி என்று சொன்னேன்.

ஒன்றரை.

அப்பா